நாலு படிக்கு ஒரு கை

அத்தியாயம் – 7

ஒன்பதாவது நுரையீரல் அன்று காலை எட்டு மணிக்கு டாக்டரின் ஜன்னலில் ஒட்டியிருந்தது.

பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா, எக்ஸ்ரே பிலிம்தான். வெளிப்பக்கத்திலிருந்து வெயில் அடித்ததில் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. கீழ்மூலையில் டோக்கன் எண் 212. அதன் பக்கத்தில் டாக்டரின் அழகான கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: ‘நல்லாயிருக்கு.’ அதற்கு அடியில், சிவப்பு மெழுகு பென்சிலால் யாரோ கிறுக்கியிருந்தார்கள்: ‘நல்லாயிருக்கா?’

நிலக்கரிச் சுரங்கத்து ஆஸ்பத்திரி அது. இருபத்திரண்டு வருஷமாக, குழிக்குள் இறங்குகிற ஒவ்வொரு ஆளின் நெஞ்சுப் படத்தையும் பார்த்து அந்த ஒரு சொல்லை எழுதிக்கொண்டிருந்தவர் இந்த டாக்டர். ஊரே அவரை ‘நல்லாயிருக்கு டாக்டர்’ என்றுதான் கூப்பிட்டது. அவர் காதுபட யாரும் சொன்னதில்லை.

“ஒன்பது நாளா, தினம் ஒண்ணு!” என்றார் டாக்டர். நெற்றி வியர்த்திருந்தது. “என் ரூமுக்குள்ளேயே வந்து ஒட்டிட்டுப் போறான். இன்னிக்குப் பதினோரு மணிக்கு விசாரணை அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள எனக்கு அவன் பேர் வேணும்.”

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்தெட்டு. துப்பறிவது தொழில். எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் பட்டப்பெயர் சல்லடை. அருகில் நின்ற தொப்பைக்காரன் அவளுடைய உதவியாளன். முன்னாள் பஸ் மெக்கானிக். பெயர் ஸ்பேனர் என்றே நிலைத்துவிட்டது.

“விசாரணை எதுக்கு டாக்டர்?” என்றாள் சல்லடை.

“நாப்பது பேர் மனு போட்டிருக்கானுங்க. மூச்சு முட்டுதாம், கரித்தூசி நெஞ்சுல படிஞ்சிருக்காம். எல்லாம் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிற வேலை. என் ரிப்போர்ட்டை அதிகாரி ஒத்துக்கிட்டா நாளைக்கே எல்லாரும் மறுபடி குழிக்குள்ள இறங்கணும். மாட்டேன்னு சொன்னா வேலை போச்சு.”

“உங்களுக்கு ஏன் பயம்?”

“பயமா? பிலிமைத் திருடினவன் பேர் தெரிஞ்சா, எல்லாம் திருட்டுக் கும்பல்னு மனுவையே கிழிச்சுப் போட்டுடலாம்ல?”

மேஜை மேல் டெலிபோன் அடித்தது. டாக்டர் வலது கையால் எடுத்துப் பேசிக்கொண்டே, அலமாரி உச்சியிலிருந்த அட்டைப் பெட்டியை முகவாயால் ஸ்பேனருக்குக் காட்டினார். “மிச்ச எட்டு பிலிமும் அதுலதான் இருக்கு. எடுங்க.”

பெட்டி அவர் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஸ்பேனர் சுற்றிக்கொண்டு போய் எடுத்தான். “பக்கத்துல நிக்கிறவர் எடுக்கலாம். நான் ஒரு பிரதட்சிணம் வந்து எடுக்கணும்” என்று முணுமுணுத்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு டீத்தட்டோடு ஒரு பெண் வந்தாள். ஒல்லி உடம்பு, ஐம்பது வயதிருக்கும். இரண்டு மாடி ஏறி வந்தவளுக்கு மூச்சு கொஞ்சமும் வாங்கவில்லை. எக்ஸ்ரே அறையின் ஆயா. மெஷின் முன்னால் ஆளை நிறுத்தி ‘மூச்சை இழுத்துப் பிடிங்க... விடலாம்’ என்று சொல்லிச் சொல்லியே குழி ஆட்களுக்கெல்லாம் மூச்சக்கா ஆகிவிட்டவள்.

“டீ ஆறிடப் போகுதும்மா” என்று சல்லடையிடம் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

அவள் திரும்பாததைச் சல்லடை கவனித்தாள். ஜன்னலில் ஒரு நெஞ்சு தொங்குகிறது. தெருவில் போகிறவர்கள்கூட நின்று பார்க்கிறார்கள். இவள் மட்டும் பார்க்கவில்லை.

*

“மேடம், ஒரு சந்தேகம்” என்றான் ஸ்பேனர், மாடிப்படியில் இறங்கும்போது. “மூச்சு முட்டுறவனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர், முப்பத்தாறு படிக்கு மேல ரூம் போட்டிருக்காரே. கீழ்த்தளத்துல நாலு ரூம் பூட்டிக் கெடக்குது.”

“நீயே பதில் சொல்லு.”

“ஏறி வந்துட்டா ‘படியேறிட்டியே, நல்லாயிருக்கே’ம்பாரு. ஏற முடியலைன்னா ‘பரிசோதனைக்கே வரல’ன்னு எழுதிடுவாரு. அடேயப்பா! இந்த மூளையை பஸ் கம்பெனிக்குக் கொடுத்திருந்தா டயரே இல்லாம வண்டி ஓட்டியிருப்பானுங்க.”

சல்லடை சிரிக்கவில்லை. கீழ்ப்படியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை அதிகாரி வருகிறாரென்று பத்து நாளைக்கு முன்புதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மட்டமான சுண்ணாம்பு, தொட்டால் கையோடு வந்தது. வியர்த்த கை பட்ட இடமெல்லாம் பழைய பச்சைச் சுவர் தெரிந்தது. நாலாவது படி நேரே ஒரு திட்டு. எட்டாவது படியில் ஒன்று. பன்னிரண்டில் ஒன்று.

“நாலு படிக்கு ஒரு கை” என்றாள். “ஏறினவன் நாலு படிக்கு ஒரு தடவை நின்னு மூச்சு வாங்கியிருக்கான்.”

“என்னை மாதிரி தொப்பை போட்டவனா இருக்கலாம்ல?”

“நீ எதைப் பிடிச்சுக்கிட்டு ஏறினே?”

“கம்பியை.”

“கம்பி எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம். தேச்சுத் தேச்சுப் பளபளன்னு...” ஸ்பேனர் நிறுத்தினான்.

“கை எல்லாம் இடப்பக்கம். நல்ல கம்பி வலப்பக்கம் இருக்க, இடப்பக்கத்து மொட்டைச் சுவரை எவன் பிடிப்பான்?”

 ஸ்பேனரின் முகத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் கேலி மெல்லக் கழன்றது.

“உங்கப்பா குழியிலதானே வேலை பார்த்தாரு?” என்றாள் சல்லடை, குரலைத் தாழ்த்தி.

“ஆமா மேடம்.” அவன் சுவரைத் தொடாமல் கையைக் காற்றில் வைத்துப் பார்த்தான். “உள்ளே வலப்பக்கம் தண்டவாளம். கரி வண்டி இருட்டுல சத்தமில்லாம வரும். வலது கையை நீட்டினா கை போயிடும். அதனால இடது கையால சுவரைத் தடவிக்கிட்டே நடப்பாங்க. அப்பா வீட்டுலயும் அப்படித்தான். கூடத்துச் சுவர்ல இடுப்புயரத்துக்குக் கறுப்பா ஒரு கோடு இருக்கும். எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் ஒரு மாசத்துல வந்துடும். அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. அவர் போனதுக்கப்புறம் அந்தக் கோட்டு மேல மட்டும் அம்மா வெள்ளையடிக்க விடலை.”



“ஆக, குழி ஆள்” என்றாள் சல்லடை. “மூச்சு முட்டுற குழி ஆள். அப்படி ஒருத்தன்கூட இங்கே இல்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு.”

“அவர் ரிப்போர்ட்டை இந்தச் சுவர்கிட்டக் காட்டணும் மேடம். விழுந்து விழுந்து சிரிக்கும்.”

சல்லடை எட்டாவது படியில் உட்கார்ந்தே விட்டாள். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி அந்தத் திட்டை ஆராய்ந்தாள். ஒரே ஆள் ஒன்பது நாள் கை வைத்த இடம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கைகள். பிறகு விரல்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“ஸ்பேனர், ஒரு மனுஷனுக்குத் திங்கள்கிழமை நாலு விரலும் செவ்வாய்க்கிழமை அஞ்சு விரலும் இருக்குமா?”

“வாடகைக்கு எடுத்தா உண்டு மேடம்.”

“இதோ, சுண்டு விரல் இல்லாத கை. இது தட்டு மாதிரிப் பெரிய கை. இது குட்டையான ஆள். மத்த கைக்கெல்லாம் கீழேதான் எட்டியிருக்கு.” அவள் மெதுவாக எழுந்தாள். “ஒருத்தன் ஒன்பது நாள் வரலை. ஒன்பது பேர் ஆளுக்கு ஒரு நாள் வந்திருக்காங்க.”

“ஒன்பது பேரா? அப்போ அந்த பிலிம்...”

“அவனவன் நெஞ்சுன்னு இவர் எழுதினதை அவனவனே கொண்டுவந்து இவர்கிட்டத் திருப்பிக் கொடுத்திருக்கான். முப்பத்தாறு படி ஏறி. நாலு படிக்கு ஒரு தடவை நின்னு.”

*

ஒன்பது பிலிம்களையும் கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த அறை ஒன்றைத் திறந்து, ஜன்னல் கம்பியில் வரிசையாகச் செருகி வைத்தான் ஸ்பேனர். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

“எனக்கு நுரையீரல் சாஸ்திரம் தெரியாது மேடம். ஆனா எல்லாமே சுத்தமாத்தான் இருக்கு. கண்ணாடி மாதிரி.”

“நுரையீரலை விடு. நீ மெக்கானிக்தானே? அடிபட்டு ஒட்டின இடம் எங்கேயாவது தெரியுதா பாரு.”

ஸ்பேனர் முதல் படத்தை உற்றுப் பார்த்தான். “இதோ. இடப்பக்கக் காறை எலும்புல ஒரு முடிச்சு. எப்பவோ முறிஞ்சு கோணலா சேர்ந்திருக்கு. வெல்டிங் சரியில்ல.” இரண்டாவதற்குப் போனான். மூன்றாவதற்கு. ஐந்தாவதில் நின்று திரும்பினான். “மேடம், எல்லாருக்கும் அதே எலும்பு, அதே இடத்துல, அதே கோணல்ல முறிஞ்சிருக்கு.”

“ஒன்பது பேரும் கைகோத்துக்கிட்டு ஒரே குழியில விழுந்திருப்பாங்களோ?”

“என் ஜோக்கை நீங்க சொல்லாதீங்க மேடம், வயித்துல அடிக்காதீங்க.” “ஒரே ஆளோட படம். ஒரே நெஞ்சைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து எல்லார் நம்பரும் போட்டிருக்காங்க. அப்படின்னா எங்கப்பாவுக்கும்...”

“ம்.”

“அவருக்கும் ‘நல்லாயிருக்கு’ன்னுதான் எழுதியிருந்தாங்க. அந்தத் தாளை அம்மா இன்னமும் பெட்டியில வெச்சிருக்காங்க.”

சல்லடை அவன் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டு எடுத்தாள். “வா. பிலிம் அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு டாக்டர்கிட்ட. இன்னொண்ணு யார்கிட்டன்னு உனக்கே தெரியும்.”

*

மூச்சக்கா எக்ஸ்ரே அறையில் மெஷினின் நெஞ்சுப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் துணியை மடித்து வைத்தாள்.

“ஒரு பேர்தானே கேட்டாரு? என் பேரைக் கொடுத்துடுங்கம்மா” என்றாள். “அலமாரியையும் அவர் ரூமையும் திறந்துவிட்டது நான்தான். அவங்களை விட்டுடுங்க.”

“சுவர்ல உன் கை இல்லையே. நீ படியில ஓடுறவ, சுவரைத் தொடமாட்டே.” சல்லடை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

மூச்சக்கா பேசியபோது குரலில் அழுகை இல்லை. அழுகையெல்லாம் என்றோ காய்ந்து கரியாகி, இப்போது கனன்றுகொண்டிருந்தது.

“எங்க வீட்டுக்காரர் டோக்கன் நூத்திப் பதினேழு. கடைசிப் பதினோரு மாசம் படுக்கவே முடியாது. நாலு தலகாணியை முன்னாடி அடுக்கி, அதுல சாஞ்சு உட்கார்ந்தே தூங்குவாரு. அவர் போனதும் நல்லதா ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்ல. சரி, நாமதானே வருஷா வருஷம் படம் பிடிச்சோம், அந்த நெஞ்சாவது இருக்கட்டும்னு அலமாரியிலேருந்து எடுத்தேன். எடுத்து வெளிச்சத்துல வெச்சா, இடது காறை எலும்பு முறிஞ்சிருக்கு.” அவள் தன் கழுத்தோரம் விரல் வைத்துக் காட்டினாள். “இருபத்தாறு வருஷம் நான் தலை வெச்சுப் படுத்த தோளும்மா அது. முறிஞ்சதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?”

ஸ்பேனர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“பிலிம் பெட்டியை இருட்டறையில மாட்டித் தர்றது டாக்டர்தான். நான் ஆளை நிறுத்துவேன், சுவிட்சை அழுத்துவேன். பெட்டிக்குள்ள பிலிமே இல்லன்னு எனக்குத் தெரியலையே! வெறும் பெட்டிக்கு முன்னால நிறுத்தி ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ன்னு என் புருஷனுக்கே சொன்னேன். அவரும் பிடிப்பாரு. நான் சொல்ற வரைக்கும் விடமாட்டாரு. கண்ணு பிதுங்கும், ஆனா விடமாட்டாரு. அசைஞ்சா படம் கெட்டுடும்னு பயம்.”

“நேரா அதிகாரிகிட்டப் போயிருக்கலாமே?”

“ஆயா சொன்னா எவன் கேப்பான்? ‘பிலிமைத் திருடிட்டு வந்து கதை விடுறா’ம்பாங்க. அதான் அவருக்கே பயம் காட்டினோம். பயந்தா யாரையாவது கூட்டிக்கிட்டு வருவாரு. வர்றவங்க கண்ணு கொஞ்சம் நல்ல கண்ணா இருந்தா போதும்னு நெனச்சோம்.” முதன்முறையாகச் சல்லடையை நிமிர்ந்து பார்த்தாள். “அவரே கூட்டிக்கிட்டு வந்த ஆளை அவரால திருடின்னு சொல்ல முடியாதுல்ல?”

“அந்த முறிஞ்ச எலும்பு யாருதுன்னு தெரியுமா?”

“இந்த மெஷின்ல நான் பிடிச்ச முதல் படம்மா அது” என்றாள் மூச்சக்கா. “யாருதுன்னு சொல்லணுமா?”

“வேண்டாம். காலையில ஒரு அட்டைப் பெட்டி சொல்லிடுச்சு.”

*

பதினோரு மணிக்கு விசாரணை அதிகாரி வந்தார். கையில் தோல்பை வைத்திருந்த சிடுமூஞ்சி மனிதர். படியில் நாலு படிக்கு ஒருவராக ஒன்பது பேர் இடப்பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு வழிவிட எழுந்திருக்கப் பார்த்தார்கள்; எழுந்திருப்பதற்குள் அவர் கடந்து போய்விட்டார். மேலே வந்து சேர்ந்தபோது அவருடைய சிடுசிடுப்பு கொஞ்சம் குழம்பியிருந்தது.

“திருட்டுக் கும்பலைக் கண்டுபிடிச்சாச்சு சார்!” என்று ஆரம்பித்தார் டாக்டர். “அம்மா, பேரைச் சொல்லுங்க.”

“சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு டாக்டர்.” சல்லடை ஒன்பது பிலிம்களையும் மேஜையில் பரப்பினாள். “திருடினவங்க போலிப் படத்தை மாத்தி வெச்சிருந்தா? அப்புறம் உங்க ரிப்போர்ட்டே சந்தேகம்னு ஆயிடுமே.”

“மாத்துறதா? ஒவ்வொண்ணா நான் சரிபார்த்தேன். எல்லாம் என் கையெழுத்து. எல்லாம் அசல்.”

“212-ன்னு போட்டிருக்கிறது 212-ஓட நெஞ்சுதான்?”

“சத்தியமா.”

“சார், இதைக் குறிச்சுக்குங்க” என்றாள் சல்லடை அதிகாரியிடம். அவர் குறித்துக்கொண்டார்.

“ஸ்பேனர்.”

ஸ்பேனர் ஒன்பது பிலிம்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் தட்டி, ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். ஒன்பது நெஞ்சும் ஒரே நெஞ்சாகத் தெரிந்தது. ஒரு விலா எலும்புகூடப் பிசகவில்லை. இடது காறை எலும்பின் முடிச்சு ஒரே இடத்தில் ஒன்பது மடங்கு அழுத்தமாக நின்றது.

அதிகாரி எழுந்து பக்கத்தில் வந்தார். வெகு நேரம் பார்த்தார்.

“இது... இது பிரதி எடுக்கும்போது ஏதோ தவறு...” என்றார் டாக்டர்.

“இப்பத்தானே எல்லாம் அசல்னு சத்தியம் பண்ணினீங்க!” என்றான் ஸ்பேனர். “அரை நிமிஷம்கூடத் தாங்கலையே சார் உங்க சத்தியம்.”

“காலையில உங்க வலது கையில டெலிபோன் இருந்துச்சு டாக்டர்” என்றாள் சல்லடை. “இடது கை சும்மாத்தான் இருந்துச்சு. தலைக்கு ஒரு சாண் மேல இருக்கிற பெட்டியை எடுக்க அந்தக் கையை நீங்க தூக்கலை. இப்ப கொஞ்சம் தூக்கிக் காட்டுங்களேன்.”

டாக்டரின் இடது கை மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

“நீங்க கேட்ட பேரையும் சொல்லிடறேன். தப்பான பதில் நான் கொடுக்கிறதில்லை. நாப்பது பேரோட நெஞ்சைத் திருடினவர் பேர் உங்க ரூம் வாசல் பலகையிலேயே எழுதியிருக்கு.”

“பொய்! எனக்கு எலும்பு முறிஞ்சதே இல்ல! இவங்களுக்கு நான்...”

“ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாமே” என்றார் அதிகாரி. அந்தக் குரலில் கேள்வி இல்லை. “மெஷின் பக்கத்து ரூம்லதானே இருக்கு?”

*

எக்ஸ்ரே அறையில் மூச்சக்கா ஏற்கெனவே நின்றிருந்தாள்.

“சட்டையைக் கழட்டுங்க” என்றாள்.

“உனக்கு எவ்வளவு திமிர்...”

“கழட்டுங்க டாக்டர்” என்றார் அதிகாரி.

கழற்றினார். இடது கையைச் சட்டையிலிருந்து உருவ அவர் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தார்கள். காறை எலும்பின் முடிச்சு தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. அதற்கு மேல் படமே தேவையில்லைதான். ஆனால் போதும் என்று யாரும் சொல்லவில்லை.

மூச்சக்கா இருட்டறைக்குள் போய்ப் புது பிலிமைப் பெட்டிக்குள் மாட்டி எடுத்துவந்தாள். “இந்தத் தடவை உள்ளே பிலிம் இருக்கு” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பலகைக்குப் பின்னால் செருகினாள். டாக்டரின் தோளைப் பிடித்து நகர்த்தி, முகவாயைத் தூக்கி நிறுத்தினாள். இருபத்திரண்டு வருஷம் பழகிய கை.

“மூச்சை இழுத்துப் பிடிங்க.”

டாக்டர் இழுத்தார். சுவிட்ச் ‘டக்’ என்றது.

அவ்வளவுதான், வேலை முடிந்தது. ‘விடலாம்’ என்று சொல்ல வேண்டியதுதான். அவள் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் விரித்து முகத்துக்கு நேரே கொண்டுவந்து ஒரு விரலை மடக்கினாள். வெளியே படிக்கட்டில் யாரோ இருமினார்கள். இரண்டாவது விரல். இன்னொரு இருமல், ஈரமாக, அடியாழத்திலிருந்து. மூன்று. நான்கு. டாக்டர் பலகையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தால் அதிகாரி இருக்கிறார்; எதிரே சுவர். ஏனோ அவராலும் அவள் சொல்கிற வரைக்கும் விட முடியவில்லை. ஆறு. ஏழு. கழுத்து நரம்பு புடைத்தது. எப்போதும் வாய் ஓயாத ஸ்பேனர் உதட்டை அழுத்திக்கொண்டு, அவளோடு சேர்ந்து தன் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தான். எட்டு. ஒன்பது.

பத்தாவது விரலை அவள் மடக்கவில்லை. அதை மட்டும் நிமிர்த்தியே வைத்திருந்தாள்.

‘ஹா’ என்று வாய் பிளந்து, டாக்டர் பலகையிலேயே சரிந்து மூச்சை அள்ளி அள்ளிக் குடித்தார்.

மூச்சக்கா பிலிம் பெட்டியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“பத்துக்கு முன்னாலேயே விட்டுட்டாரு சார்” என்றாள் அதிகாரியிடம். “எங்க வீட்டுக்காரர் பதினோரு மாசம் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு.”